நாலாவது கம்பி

1

நேற்று ட்ரேசி போன் செய்தாள். வார இறுதியில் காற்று பலமாக அடிக்கப் போகிறதாம், தன் வேட்டைப் பரணின் கம்பிகளை ஒரு தடவை முறுக்கி இறுக்கிவிட வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு பார்த்தால் வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். குளிரால் அல்ல. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கனடாவில், மானிடோபா என்கிற மாகாணத்தில், பெயர் சொன்னால் இங்கிருப்பவர்களுக்கே தெரியாத ஒரு சின்ன டவுனில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் துணைச் செவிலி வேலை. ட்ரேசியும் அங்கேதான் வேலை செய்கிறாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. சிமெண்ட் லாரி போனால் துணிக்கொடியில் தூசி படியும் ஊர். அங்கே என் தம்பி செந்தில் மக்காச்சோளம் போடுகிறான்.

கையை ஏன் இடுக்கிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். போன வருஷம் இதே பருவத்தில் நடந்தது. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும். வெளிநாட்டில் அக்கா வைத்திருக்கும் தம்பிகள் கட்டாயம் படிக்கட்டும்.

2

போன வருஷம் இலை உதிரத் தொடங்கிய நேரத்தில் ட்ரேசி என்னிடம், "பிளைண்ட் கட்டப் போறேன், உதவிக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த பிளைண்ட் இரண்டு. ஒன்று, கண் தெரியாதவர். இன்னொன்று, ஜன்னலில் இழுத்துவிடும் மறைப்பு. அவள் வேனில் கிடந்த மரச்சட்டங்களைப் பார்த்துவிட்டு, "எத்தனை ஜன்னல்?" என்று கேட்டுவைத்தேன். ட்ரேசி சிரித்த சிரிப்பில், ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு செவிலி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அது ஒரு வாரத்துக்கு எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் பொழுதுபோக்கு.

பிளைண்ட் என்றால் வேட்டைப் பரண். நாலு கால் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெட்டி வைத்து, அதற்குள் ஒளிந்து உட்கார்ந்து மான் வரும்வரை மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். அதற்கு உரிமம் வேண்டும், நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், ஆரஞ்சு உடுப்பு வேண்டும், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று கணக்கு வேண்டும். மானுக்குக்கூட இங்கே ஆபீஸ் உண்டு. யாழினிக்கு வேட்டையே பிடிக்காது. "ஒரு மானை ஒளிஞ்சிருந்து சுடுறதுக்கு நீ ஏணி பிடிக்கிறியா?" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மான் வறுவல் வந்தபோதும் தொடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ட்ரேசியின் பழைய பரணை முந்தைய வருஷக் காற்று அப்படியே படுக்கவைத்துவிட்டதாம். நல்லவேளையாக உள்ளே அவள் இல்லை. அதனால் இந்தத் தடவை பரணைக் கட்டுவதைவிட அதைத் தரையோடு பிடித்து நிறுத்துவதில்தான் அவளுக்குக் குறி. கால்களை அகட்டி நட்டோம். குறுக்குச் சட்டம் அடித்தோம். பிறகு திருகாணி மாதிரி இருக்கும் நீளமான இரும்பை நாலு மூலைக்கும் தள்ளித் தள்ளி நிலத்தில் முறுக்கி இறக்கினோம். இறங்க இறங்கக் கை வலித்தது. பரணின் தோளிலிருந்து அந்த இரும்புவரை சாய்வாகக் கம்பிவடம் இழுத்து, முறுக்கி முறுக்கி விறைப்பாக்கினோம். நம் ஊரில் மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி இருக்குமே, அதேதான்.

கடைசியில் ட்ரேசி ஒரு விதி சொன்னாள். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஏறக்கூடாது. எத்தனை அவசரமானாலும் இதை விடக்கூடாது.

இந்த விதியை நான் அப்படியே மனப்பாடம் செய்து ஊருக்கு அனுப்பினேன்.

3

நான் ஊரைவிட்டு வந்தபோது எங்கள் கொல்லையில், எங்கள் பக்கம் புன்செய்க் காட்டைக் கொல்லை என்போம், பருத்தி. காட்டுப்பன்றி என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இப்போது எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம், அதைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பன்றி. கதிர் பிடிக்கிற நேரத்தில் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், ரோலர் ஓட்டிய மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். செந்தில் நஷ்ட ஈடு கேட்டு வனத்துறைக்கு மனு கொடுத்துப் பார்த்தான். பன்றி சேதம் செய்ததற்குப் படம் கேட்டார்களாம். "பன்னிய நிக்க வச்சு போட்டோ எடுக்கச் சொல்றாங்கக்கா, அதுங்க நிக்குமா?" என்று சலித்துக்கொண்டான். அதனால் கொல்லைக்கு நடுவில் பரண் கட்டி, பொழுது சாய்ந்ததும் போய் ஏறி, தகரம் தட்டி, டார்ச் அடித்துப் படுத்துக் கிடப்பான்.

இங்கே பரணில் ஏறுகிறவன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பரணில் ஏறுகிறவன் தான் இருக்கிறேன் என்று ஊருக்கே காட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவனுடைய முதல் பரண் சவுக்குக் கழியும் நைலான் கயிறும் கீற்றும். ஐப்பசி மழையில் ஒரு நாள் காற்று சுழன்று அடித்ததில் சரிந்து விழுந்துவிட்டது. அப்போது பன்றி விரட்டக் கீழே இறங்கியிருந்தான், அதனால் தப்பித்தான். வீடியோவில் அந்த விழுந்த கழிகளைக் காட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கயித்த வச்சு கட்டுனா அப்படித்தான்டா. இரும்புல போடு. நாலு பக்கமும் கம்பி இழு. நான் சொல்ற மாதிரி செய்."

"நீ எப்பக்கா இன்ஜினியர் ஆன?"

"போன மாசம்."

கேலி பேசினாலும் செய்தான். பெரம்பலூரில் இரும்புக் குழாய் வாங்கி வெல்டிங் வைத்து, ஏணியையும் இரும்பிலேயே அடித்து நிறுத்தினான். திருகு இரும்பு அங்கே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எங்கள் கரிசல் மண்ணில் நிற்காது. காய்ந்தால் விரல் நுழையும் வெடிப்பு, நனைந்தால் களி. அதனால் மின்கம்பத்துக்குச் செய்வதைப்போல ஆழமாகக் குழி எடுத்து, பெரிய கல்லில் கம்பியைச் சுற்றிப் புதைத்தான். மூன்று மூலைக்கு இடம் இருந்தது. மேற்குப் பக்கம் மட்டும் கொல்லை ஒடுங்கி இருக்கும், நாலாவது கம்பி வரப்பைத் தாண்டி அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில்தான் இறங்கியாக வேண்டும். மேற்குக் கொல்லைக்காரர் நல்ல மனிதர். "தாராளமா பொதைச்சுக்க தம்பி" என்றுவிட்டார்.

படம் அனுப்பினான். ட்ரேசியிடம் காட்டினேன். அவள் தன் பரணைவிட இது நன்றாக நிற்கிறது என்றாள். நான் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பியா புடிச்சு ஆட்டிப் பாக்கணும். மறக்காத" என்று தினமும் சொன்னேன்.

"வரப்புல ஏறுனதும் மேற்கு கம்பிதான்க்கா முதல்ல வருது. அதுல ஆரம்பிச்சு சுத்தி வந்து ஏணியில ஏறிடுவேன். போதுமா?" என்றான்.

போதும் என்றேன்.

4

அதற்குள் வீட்டில் வேறு புகைச்சல். செந்திலின் மனைவி கவிதாவுக்குப் பிறந்த வீடு கீழப்பழுவூர். ரோஷக்காரி. அவர்கள் மகள் தர்ஷினி திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். புருஷன் ராத்திரி ராத்திரி பரணில், மகள் திருச்சியில், கவிதா வீட்டில் தனியாக. ஒரு நாள் கேட்டுவிட்டாள்: "பன்னிக்கு காவலு இருக்கீங்களே, எனக்கு யாரு காவலு?" அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உன்கிட்ட எந்தப் பன்னி வரும்?" என்று கேட்டிருக்கிறான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் என்ன, குடும்பம் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் கனடாவில் நான் இருக்கிறேன். "அண்ணி, கேஸ் தீரப் போவுதுன்னு சொல்லிடுங்க." "அக்கா, என் நீல சட்டை எங்கன்னு கேளு." ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் உலகத்தைச் சுற்றிச் செய்தி போகும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இத்தனை தூரத்தில் இருந்தும் நான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு சட்டை கிடைக்காது என்கிற நினைப்பு சுகமாக இருந்தது.

அன்று வேலை முடிந்து வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இங்கே சாயங்காலம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம். கவிதா கூப்பிட்டாள். தண்ணி பிடிக்கிற இடத்தில் மேற்குக் கொல்லைக்காரரின் மனைவியைப் பார்த்தாளாம்.

"அண்ணி, இன்னையிலேருந்து அவங்க கம்பி போடுறாங்களாம். உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க."

"எங்க, நம்ம வரப்பு ஓரமாவா?"

"ஆமா. வரப்பு நெடுக."

"நல்லதுதானே. இனிமே அந்தப் பக்கத்துலேருந்து பன்னி வராது."

"நல்லது கெட்டது இருக்கட்டும் அண்ணி. சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

சரி சரி என்றேன். வேலி போடுகிறார்கள், போட்டுக்கொள்ளட்டும், இதில் அவசரம் என்ன இருக்கிறது? செந்திலிடம் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ரசம் கொதித்தது. சாப்பிட்டேன். படுத்தேன்.

5

மறுநாள் காலை இங்கே இன்னும் விடியவில்லை. ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் பனி உறைந்திருந்தது. அங்கே பொழுது சாய்கிற நேரம். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், யாழினி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் செய்திகளை எல்லாம் அவள் காதில் போடுவது என் வழக்கம். பாதி கேட்பாள், பாதி போனைப் பார்ப்பாள். அவளுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்று. ஊர்ப் பேச்சு அவளுக்கு விட்டுப்போய்விட்டது என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்புவேன். தர்ஷினியோடு மட்டும் வாய்ஸ் மெசேஜில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

"உங்க மாமாவும் அத்தையும் இன்னும் பேசிக்கல. மேற்குக் கொல்லையில கம்பி போடுறாங்களாம், அதக்கூட நான்தான் சொல்லணுமாம்" என்று சொல்லிச் சிரித்தேன்.

யாழினியின் கத்தி நின்றது.

"சொல்லிட்டியா?"

"எத?"

"மாமாகிட்ட. கம்பி போட்டிருக்காங்கன்னு."

"இன்னிக்கு பேசும்போது சொல்லணும். வேலி போடுறதுக்கு என்னடி?"

"அம்மா, அது வேலி இல்ல. கம்பின்னா கரண்ட்."

நான் விழித்தேன். அவள் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"தர்ஷினியோட நாய், டைகர், எப்படி செத்துச்சு? கம்பில. உன்கிட்ட சொன்னேன்ல?"

"முள்ளுக்கம்பியில மாட்டிக்கிட்டு..."

"இல்லம்மா. கரண்ட். பன்னி சாகறதுக்கு லைன்லேருந்து எடுத்து வரப்புல விடுவாங்க. அது தப்பு, போலீஸ் புடிக்கும். அதனால யாரும் கரண்ட்னு சொல்ல மாட்டாங்க. கம்பி போட்டிருக்காங்கன்னுதான் சொல்லுவாங்க. அங்க எல்லாருக்கும் தெரியும்."

அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது என் கண்ணுக்குள் தெரிந்தது ஒன்றுதான். வரப்பு நெடுகக் கரண்ட் கம்பி. அதில் உரசியபடி அந்த வரப்பைத் தாண்டி இறங்குகிற நாலாவது கம்பி. அது தொடுகிற இரும்புப் பரண், இரும்பு ஏணி. வரப்பில் ஏறியதும் முதலில் வருகிற அந்தக் கம்பியைக் கையை நீட்டிப் பிடித்து ஆட்டப்போகிற என் தம்பி.

செந்திலுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். எங்கள் கொல்லையில் கீழே நின்றால் டவர் கிடைக்காது. பரணில் ஏறினால்தான் கிடைக்கும். அவன் போனை எடுக்க வேண்டுமென்றால் ஏணியில் ஏறியிருக்க வேண்டும். ஏணியில் ஏறினால் போனை எடுக்க ஆள் இருக்க மாட்டான். மறுபடியும் போட்டேன். மறுபடியும் அந்தப் பெண்.

"அத்தைக்கு போடும்மா" என்றாள் யாழினி.

கவிதா எடுத்ததும் கேட்டாள்: "சொல்லிட்டீங்களா அண்ணி? கொஞ்சம் முன்னாடிதான் கிளம்புனாரு."

"சொல்லல கவிதா. எனக்குப் புரியல. வேலின்னு நெனச்சுட்டேன். அவன் மேற்கு கம்பிய கையால புடிப்பான். ஓடு."

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று திட்டவில்லை. போனை அணைக்கவும் இல்லை. காதில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு செருப்பு இல்லாத காலின் சத்தம். மூச்சு. எங்கேயோ நாய் குரைத்தது. சாலையில் ஒரு லாரி ஹாரனை அழுத்தியபடியே போனது, அந்தச் சத்தத்துக்கு அவள் நின்ற மாதிரி தெரியவில்லை. பிறகு சோளத்தாள் உடம்பில் உரசுகிற சரசரப்பு. பிறகு ஒன்றுமில்லை. டவர் போய்விட்டது.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அவள் தொட்டே எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாமி பெயர் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. என் வாயில் வந்ததெல்லாம், தொடாதடா, தொடாதடா என்பதுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரொட்டி சுடும் பெட்டி தானாக ஒரு தடவை சத்தம் போட்டு ரொட்டியைத் தள்ளியது. இருவரும் துள்ளிவிட்டோம்.

கவிதாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது ஆண் குரல்.

"அக்கா."

நான் அழுத அழுகையை எழுத முடியாது. யாழினிதான் போனை வாங்கி, "மாமா, நீங்க ஓகேவா? அத்தை ஓகேவா?" என்று அவளுடைய உடைந்த தமிழில் கேட்டாள்.

6

என்ன நடந்தது என்பதை அவனே பிறகு சொன்னான்.

"வரப்புல ஏறிட்டேன்க்கா. கம்பிய புடிக்க கைய நீட்டிட்டேன். பின்னாடி, 'செந்திலு'ன்னு ஒரு சத்தம். இவ குரல்தான். ஆனா இவ என்னைய பேரு சொல்லி கூப்புட்டதே கிடையாதே. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஏங்கதான். யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன். கை அப்படியே நின்னுடுச்சு."

கவிதாவிடம் கேட்டேன். ஏங்க என்று கத்தியிருந்தால் சுற்றுக் கொல்லையில் இருக்கிற எல்லா ஆம்பிளைகளும் திரும்பியிருப்பார்கள், இந்த மனுஷன் மட்டும் திரும்பியிருக்க மாட்டார், சண்டையில்ல, என்றாள். ஓடும்போதே அதை யோசித்தாளாம்.

டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏணியின் காலடியில் ஒரு கீரி கிடந்தது. குச்சியால் தள்ளிப் பார்த்தபோது உடம்பு இன்னும் விறைக்கவில்லை என்றான், அப்படித் தள்ளியிருக்கவே கூடாது, அதற்கும் திட்டினேன். மேற்குக் கொல்லைக்காரர் ஓடிவந்து லைனிலிருந்து கொக்கியை எடுத்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே, அந்த நல்ல மனிதர் தலையில் கைவைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "பொம்பளைங்ககிட்ட சொல்லி அனுப்புனனே தம்பி, சொல்லலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

அவர் முறைப்படிதான் செய்தார். கம்பி போடுகிறவர் சுற்றுக் கொல்லைக்காரர்களுக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட வேண்டும், அதுதான் அந்த வேலைக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கைப் பலகை. சொன்னார். அவர் மனைவி கவிதாவிடம் சொன்னாள். கவிதா என்னிடம் சொன்னாள். ஒரு வரப்பைத் தாண்ட வேண்டிய செய்தி கடலைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்து நின்றுபோனது. எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, பன்றிக்கு வைத்தாலும் மனிதனுக்கு வைத்தாலும் கரண்ட் கரண்ட்தான் என்று அவரிடமே போனில் சொன்னேன். அதன்பிறகு அவர் போடவில்லை. இந்த வருஷம் போட மாட்டார் என்று நம்புகிறேன். செந்தில் நாலாவது கம்பியை அவிழ்த்துவிட்டு அந்தப் பக்கம் மட்டும் நைலான் கயிறு கட்டியிருக்கிறான். இரும்பில் போடு என்று நான் சொல்லவில்லை.

பிளைண்ட் என்ற சொல் எனக்குத் தெரியாததற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்தால் மானம் மட்டும்தான் போகும், அதற்கு நான் எப்போதும் தயாராக இருக்கிறேன். தமிழில் எனக்குத் தடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் விமானம் ஏறிய நாளில் என் தமிழும் என்னோடு ஏறிவிட்டது. ஊர் அங்கேயே இருந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது ஊரிலிருந்து யார் பேசினாலும் பக்கத்தில் யாழினியை உட்காரவைத்துக்கொள்கிறேன். ழகரம் வராத அவளிடம், "அப்படின்னா என்னடி?" என்று கேட்கிறேன். பெருமையாகத்தான் சொல்லித்தருகிறாள், சில சமயம் காசு கேட்கிறாள்.

இந்த வருஷமும் கதிர் பிடித்துவிட்டது, சண்டையும் வந்துவிட்டது. நேற்று ட்ரேசி போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கவிதாவின் போன்.

"அண்ணி, நாளைக்கு தெக்கால கொல்லையில மருந்து வைக்கிறாங்களாம். உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க."

"மருந்துன்னா என்ன மருந்து?"

"எலிக்குத்தான் அண்ணி. புது நாய கட்டிப் போடச் சொல்லணும்."

"அவன் எங்க இருக்கான்?"

"வாசல்ல. சைக்கிள் துடைக்கிறாரு."

"அப்ப நீயே போய்ச் சொல்லு."

"நானா?"

"நீதான். போன வைக்காத. நான் கேக்கணும்."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு செருப்பை மாட்டுகிற சத்தம், நாலைந்து அடி, கதவு. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஏங்க" என்றாள்.

துணியை உதறுகிற சத்தம்தான் கேட்டது.

"செந்திலு" என்றாள்.

துணிச் சத்தம் நின்றது.